கௌபாய் பண்ணையில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, பழைய கௌபாய் காலத்துப் பாணியில் நடக்கும் விருந்தினர் பண்ணைகளைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்தும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. 'டூட் ரான்ச்', 'கெஸ்ட் ரான்ச்' என்று அங்கே சொல்வார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

பிள்ளைகளோடு டிசம்பர் விடுமுறையில் போவதா, ஜூலை விடுமுறையில் போவதா? எந்த மாநிலம் நல்லது? (சாட்ஸ்வொர்த் வாசகி)

டிசம்பர் என்றால் அரிசோனா. ஜூன் கடைசி, ஜூலை என்றால் வயோமிங், மொன்டானா, கொலராடோ. இதை மாற்றிக்கொள்ள முடியாது. அரிசோனாவின் பாலைவனப் பகுதியில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் பல பண்ணைகள் அப்போது மூடிவிடும். வடக்கே குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். பெரும்பாலான பண்ணைகள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஆட்களைச் சேர்க்கும்.

அரிசோனாவில் விக்கன்பர்க் என்ற சிற்றூர் இப்படிப்பட்ட பண்ணைகளுக்குப் பெயர் போனது. பீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். டிசம்பரில் அங்கே பகலில் இதமான வெயில் அடிக்கும், விடியற்காலையில் கை விறைக்கும். ஒரே தடித்த கோட்டை நம்பாமல், ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைகளாக எடுத்துப் போங்கள். கொலராடோவில் பல பண்ணைகள் 2,400 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. 1,750 மீட்டரில் வாழும் ஜொகன்னஸ்பர்க் ஆட்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. கடற்கரையில் வாழும் டர்பன் ஆட்களுக்கு முதல் இரண்டு நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்தால் போதும்.

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். நேர்காணல் தேதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்த பிறகே பண்ணைக்கு முன்பணம் கட்டுங்கள். பல பண்ணைகள் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. வந்து இறங்கும் நாளிலேயே குதிரை ஏற வேண்டாம். அட்லான்டா வழியாகப் போனால் முதல் விமானமே ஏறக்குறைய பதினாறு மணி நேரம், பிறகு பீனிக்ஸுக்கு இன்னும் நான்கு மணி நேரம். பீனிக்ஸில் ஓர் இரவு தூங்கி எழுந்து போங்கள்.

இதெல்லாம் நாடகம்தானே? உண்மையான பண்ணை வேலை ஏதாவது நடக்கிறதா? (லெனேசியா ஆசிரியர்)

இரண்டும் உண்டு, பண்ணைக்குப் பண்ணை மாறும். மாடு வளர்த்துப் பிழைத்துக்கொண்டே சில விருந்தினரையும் ஏற்பவை ஒரு வகை. அங்கே மாடு மேய்க்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அதற்கேற்ப எழுந்திருக்க வேண்டும். விருந்தினருக்காகவே குதிரைகளை வைத்திருப்பவை இன்னொரு வகை, குடும்பங்களுக்கு இதுதான் பொருத்தம். நீச்சல் குளமும் மசாஜும் முதன்மையாகி, குதிரைக்குத் தனிக் கட்டணம் கேட்பவையும் உண்டு. வாரத்தில் எத்தனை முறை குதிரை ஏற்றம், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், ஒரு குழுவில் எத்தனை பேர் என்ற மூன்றையும் கேட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

வரலாறு தெரிந்துகொண்டு போவது நல்லது. கம்பிவேலி இல்லாத திறந்த மேய்ச்சல் வெளியில் நெடுந்தூரம் மாடு ஓட்டிய காலம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் இருபது ஆண்டுகளே நீடித்தது. 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார், அதன் பிறகு திறந்த வெளிகளில் வேலி விழுந்தது. 1886–87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஈட்டன் சகோதரர்கள் 1904இல் வயோமிங்குக்கு மாற்றிய விருந்தினர் பண்ணை இந்தத் தொழிலின் முன்னோடி. விருந்தினர் பண்ணைக்காரர்களின் சங்கம் 1926இல் அமைந்தது. கௌபாய்களில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கர்களும் ஏராளம். ரோடியோ, லாசோ, ரான்ச் எல்லாமே ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை. வெள்ளையரை மட்டுமே கௌபாயாகக் காட்டும் இடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பதிவுப் படிவத்தில் எடை கேட்கிறார்கள். நான் 96 கிலோ. கொஞ்சம் குறைத்து எழுதினால் என்ன? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

தயவுசெய்து வேண்டாம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பரவலான கணக்கு. அந்தப் பங்கில் சேணமும் அடங்கும். மேற்கத்திய சேணம், அடியில் போடும் கம்பளி விரிப்பு இரண்டும் சேர்ந்தால் 17 கிலோ என்று வையுங்கள். 500 கிலோ குதிரைக்கு மொத்தச் சுமை 100 கிலோ என்றால், ஏறுபவர் 83 கிலோ வரை இருக்கலாம். உங்கள் 96ஐயும் 17ஐயும் கூட்டினால் 113. அதற்கு 565 கிலோ எடையுள்ள குதிரை வேண்டும். அப்படிப்பட்ட பெரிய குதிரைகளைப் பல பண்ணைகள் வைத்திருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. முன்கூட்டியே தெரிந்தால் ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்குவார்கள். தெரியாவிட்டால் சிறிய குதிரைதான் வரும்; மூன்றாம் நாளில் அதன் முதுகு புண்ணாகும், அதோடு உங்கள் வாரமும் முடிந்தது. சில இடங்களில் லாயத்திலேயே தராசு வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். 102 முதல் 113 கிலோவுக்குள் ஏதாவது ஓர் உச்சவரம்பை வைப்பது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் வயது வரம்பு உண்டு, ஆறு அல்லது ஏழு வயதுக்கு மேல் என்பார்கள்.

குதிரை ஏறிய அனுபவம் பற்றிய கேள்விக்கும் இதே பதில்தான். கடற்கரையில் இரண்டு ரவுண்டு போனதை 'இடைநிலை' என்று எழுதாதீர்கள். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ரேங்லர் அதை நம்பித்தான் குதிரை தருவார்.

டிராக்கன்ஸ்பர்க் மலையில் இரண்டு மணி நேரம் ஏறியதற்கே முழங்கால் வலி உயிரை வாங்கியது. ஆறு நாள் எப்படித் தாங்கும்? (அண்டர்பர்க் போய் வந்த, டர்பன் பீனிக்ஸ் பகுதி வாசகி)

பெரும்பாலும் அங்கவடியின் (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையத்தின்) நீளம்தான் காரணம். ஏறுவதற்கு முன்பே அளக்கலாம். சேணத்தில் அங்கவடித் தோல் தொடங்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து, கையை நீட்டி, அங்கவடியை அக்குள் பக்கம் இழுங்கள். அடிப்பாகம் அக்குளைத் தொட்டால் ஏறக்குறையச் சரி. ஏறிய பிறகு அங்கவடியில் எழுந்து நின்று பாருங்கள். உடம்புக்கும் இருக்கைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி வர வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அங்கவடி குட்டை, முழங்கால் மடங்கி வலிக்கும். இடைவெளியே இல்லையென்றால் நீளம், குதிகாலைக் கீழே அழுத்தப் பிடிமானம் கிடைக்காது.

மேற்கத்திய சேணத்தில் இன்னொரு தொல்லை உண்டு. காலை ஒட்டித் தொங்கும் அகலத் தோல், புதியதாக இருந்தால் விறைத்து அங்கவடியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். மணிக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி முழங்கால் முறுகும். அதற்கு வழி இருக்கிறது: தோலை நனைத்து, இரண்டு அங்கவடிகளையும் முன்னோக்கித் திருப்பி, நடுவில் ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் அங்கவடி காலுக்கு நேராக நிற்கும். முதல் நாளே சொன்னால் உடனே செய்து தருவார்கள். வெட்கப்பட்டு வாய் மூடி இருந்தால் வாரம் முழுக்க வலிதான்.

சேணம் சரிவது அடுத்த ஆபத்து. வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், நடக்கத் தொடங்கியதும் தளரும். பத்து நிமிடம் நடந்த பிறகு மறுபடி இறுக்குகிறார்களா என்று பாருங்கள். மறந்தால் நினைவூட்டுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏறும்போது சேணத்தின் முன்பக்கம் நீட்டியிருக்கும் கொம்பில் தொங்கி ஏறாமல், மேடை இருந்தால் அதில் நின்று ஏறுங்கள். குதிரை முதுகுக்கும் அது நல்லது.

நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு கையிலும் கடிவாள வாரைப் பிடிப்போம். அங்கே ஒரு கைதான். வாரைக் கழுத்தின் மேல் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்த்தால் குதிரை திரும்பும். முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுக்கும் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் உதை விழும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்; குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி உடைக்குள் இருக்கட்டும். காற்றில் பறக்கும் துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

உள்தையல் தடித்த ஜீன்ஸ் தொடையை உரசிப் புண்ணாக்கும். அடியில் சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் தப்பிக்கலாம். பூட்ஸுக்கு 3 சென்டிமீட்டர் குதிகாலும் வழுவழுப்பான அடியும் வேண்டும். ஓட்டக் காலணியில் குதிகால் இல்லாததால் பாதம் அங்கவடிக்குள் முழுக்கப் புகுந்து மாட்டும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். புறப்படுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் வாரம் ஒரு முறையாவது ஏறிப் பழகுங்கள். சரிவில் இறங்கிப் பழக லெசோத்தோவின் பசூட்டோ மலைக் குதிரைகளைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அம்மாவுக்குப் புரட்டாசி விரதம் வேறு. கௌபாய் பண்ணையில் என்ன கிடைக்கும்? (டோங்காட் வாசகி)

முன்கூட்டி எழுதினால் நன்றாகவே கிடைக்கும், ஆனால் 'சைவம்' என்ற ஒற்றைச் சொல் போதாது. அங்கே பீன்ஸ் வேகும் பானையில் பன்றிக் கொழுப்போ பேக்கனோ கிடக்கும். டார்ட்டியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டியிலும் மசித்த பீன்ஸிலும் பன்றி நெய் சேர்ப்பது பழைய வழக்கம். சோள ரொட்டி சுடும் இரும்புச் சட்டியிலும் பேக்கன் எண்ணெய் தடவுவார்கள். பார்வைக்கு நம் சுகர் பீன்ஸ் கறி போலவே இருக்கும். எனவே மின்னஞ்சலில் பொருள் பொருளாக எழுதுங்கள்: மாட்டிறைச்சி, பன்றி, பன்றி நெய், இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் கூடாது; முட்டையும் பாலும் பரவாயில்லை, அல்லது அதுவும் கூடாது. வயோமிங்கில் செப்டம்பர் பிற்பகுதியில் தங்கினால் புரட்டாசி தொடங்கியிருக்கும், அதையும் தேதியோடு சொல்லுங்கள். பண்ணைச் சமையல்காரர் நகரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு முறைதான் சாமான் எடுப்பார். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் தக்காளியும் உருளைக்கிழங்கும்தான்.

வெளியில் தீ மூட்டிச் சமைக்கும் இரவு, நெருப்பில் இறைச்சி வாட்டும் நம் பிராய் போலத்தான். ஒரே இரும்புத் தட்டில் எல்லாம் வாட்டப்படும். உங்களுக்குத் தனிச் சட்டி கேட்டு வாங்குங்கள்.

ஊறுகாய், கறிவேப்பிலை, பில்டாங் (உலர்த்திய இறைச்சி) எடுத்துப் போகலாமா? (பல வாசகர்கள்)

பில்டாங் கூடாது, கோமாரி நோய் காரணமாக நம் நாட்டு மாட்டிறைச்சியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அது எலுமிச்சைக் குடும்பம், அதில் ஒட்டி வரும் பூச்சி அவர்களது ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாங்கிய மசாலாத் தூள், கடையில் மூடி முத்திரையிட்ட காய்கறி ஊறுகாய் இரண்டையும் எடுத்து, சுங்கத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பண்ணைக்குப் போய் வந்த பூட்ஸ் என்றால் மண் துளிகூட இல்லாமல் பிரஷ் போட்டுக் கழுவிக் காய வைத்து எடுத்துப் போங்கள், பண்ணைக்குப் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தொலைவில் இருக்கும் இடம் என்பதால் அவசரத்துக்கு என்ன செய்வது? (ஜொகன்னஸ்பர்க் தம்பதி)

பல பண்ணைகளில் கைபேசி சிக்னல் கிடையாது. மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணமாக இருக்கலாம். காப்பீட்டு ஆவணத்தில் 'குதிரை ஏற்றம்' விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல திட்டங்களில் இருக்கிறது. ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். பண்ணையில் கையெழுத்து வாங்கும் தாளில், குதிரையின் இயல்பான ஆபத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல என்று இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் அதற்குச் சட்டமே உண்டு.

வாடகைக் காரில் போனால், மண் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கடைசி ஊரிலேயே பெட்ரோலை நிரப்புங்கள். காய்ந்த ஓடையில் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். மழை எங்கோ மலையில் பெய்திருக்கும்.

அரிசோனாவில் சோய்யா என்ற கள்ளி லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். பல் அகன்ற சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து, ஒரே வீச்சில் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கட்டும். பூட்ஸை மாட்டுமுன் தலைகீழாகத் தட்டுங்கள், தேள் இருக்கலாம்.

டிப்ஸ் எவ்வளவு? மின்சாரச் சாதனங்கள் வேலை செய்யுமா? (லேடிஸ்மித் வாசகர்)

மொத்தக் கட்டணத்தில் 15 சதவீதம் என்பது பரவலான வழக்கம். ஊழியர் அனைவருக்கும் பொதுவாகப் பிரித்துக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், அப்படியானால் ரேங்லருக்குத் தனியாகத் தர வேண்டியதில்லை. அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டிலில் தண்ணீர் சூடாகவே நேரம் பிடிக்கும், முடி நேராக்கும் கருவியும் சரியாகச் சூடாகாது. கைபேசி சார்ஜரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் தட்டையான இரண்டு முனைப் பிளக் மாற்றி மட்டும் போதும்.