பல்கலைக்கழக நூலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு உண்மையில் என்ன வேலை? அரிய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம்கூட அவர் பொறுப்புதானா?

ஆமாம், அவர் பொறுப்புதான். பெட்டக அறையின் சாவி வேறொருவர் கையில் இருக்கும். உள்ளே இருக்கும் ஒன்று காணாமல் போனால், துணைவேந்தர் முன்னால் போய் நிற்க வேண்டியவர் நூலகர்.

பதினொரு வருடம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வேலை கிடைத்த புதிதில், "கொடுத்துவைத்தவள், நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கலாம்" என்றார்கள் வீட்டில். அந்தப் பதினொரு வருடத்தில் அலுவலக நேரத்தில் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்த நினைவில்லை. ஒப்பந்தங்கள், ஏ.சி. பராமரிப்பு அறிக்கைகள், விடுப்பு விண்ணப்பங்கள், இவற்றை நிறையப் படித்தேன். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும், தனிமை தாங்காமல் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டாராம். எனக்கு அந்தத் தனிமையில் அரை நாள் கிடைத்திருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

முதலில் சலிப்பான பகுதியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நூலகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சம்பளம் போக மிஞ்சுவதில் பெரும்பங்கை ஆய்விதழ்ச் சந்தா விழுங்கிவிடும். பெரிய பதிப்பகங்கள் இதழ்களைக் கட்டாகத்தான் விற்க விரும்பும். நமக்கு வேண்டியது நாற்பது என்றால் நானூறைச் சேர்த்துக் கட்டித் தருவார்கள். கட்டைப் பிரித்து நாற்பதை மட்டும் கேட்டால், அதன் விலையே கட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்துடன் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து வந்தது. புது ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. தங்கள் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. பத்து வளாகங்கள் கொண்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இரண்டு வருடம் பிடித்தது என்றால், எங்களைப் போன்ற இடங்கள் பேரம் பேசும் அழகை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சரி, இது போதும்.

நீங்கள் கேட்ட அரிய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் பகுதிக்கு, அதாவது சிறப்புத் தொகுப்புக்கு வருகிறேன். எங்களிடம் அது அடித்தளத்தில் இரண்டு அறை, மேலே ஒரு படிப்பறை, மொத்தம் மூன்று ஊழியர்கள். கையிருப்பில் ஒரு மூலைதான். ஆனால் நடுராத்திரி போன் அடித்தால் மனசு முதலில் ஓடுவது அந்த மூலைக்குத்தான். பாடநூல் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஒருவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு தொலைந்தால் எங்கே போய் வாங்குவது?

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு அம்மா பார்க்க வந்தார். காலமான ஒரு பேராசிரியரின் மகள்.

"அப்பாவுடைய காகிதங்களை உங்களிடம் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது மேடம். உங்கள் கேட்டலாகில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஒரு தடவை பார்க்க முடியுமா?"

உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே போனேன். ஏ.சி. இயந்திரத்துக்குப் பின்னால், சுவரோரமாக, முப்பத்தெட்டு அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: "பேராசிரியர், இதர." ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மேலே இருந்த பெட்டியைத் திறந்தேன். கடிதக் கட்டுகளில் போட்டிருந்த கிளிப்புகள் துருப்பிடித்து, தாளில் கிளிப் வடிவத்திலேயே பழுப்புக் கறை இறங்கியிருந்தது. செய்தித்தாள் நறுக்கு ஒன்று, அதன் அமிலம் இறங்கி, தொட்டுக்கொண்டிருந்த கடிதத்தில் தன் அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டத்தை அச்சடித்து வைத்திருந்தது. நடுவே மின்கட்டண ரசீதுகள், மாணவர்களின் மதிப்பெண் தாள்கள், இன்னொரு பெண்மணி தன் மணமுறிவைப் பற்றி எழுதிய நான்கு பக்கக் கடிதம். அவர் உயிரோடு இருக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது. அடியில் நீல அட்டை நோட்டுகள்: ஒரே ஏரிக்கு வலசை வரும் பறவைகளை, வந்த தேதி, எண்ணிக்கை, அன்றைய நீர்மட்டம் என்று இருபத்திரண்டு வருடம் விடாமல் குறித்திருந்தார் மனிதர்.

பொக்கிஷமும் குப்பையும் அடுத்தவர் ரகசியமும் ஒரே பெட்டியில். இதுதான் சிறப்புத் தொகுப்பு. கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் ஓவியப் பிரதி அதன் விசிட்டிங் கார்டு, அவ்வளவுதான்.

கோப்பைத் தேடினால் நன்கொடைப் பத்திரம் கிடையாது. "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி ரசீது. காகிதங்கள் யாருக்குச் சொந்தம், பதிப்புரிமை யாரிடம், வேண்டாததைக் கழிக்கலாமா, எதை எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும், ஒன்றுமே எழுதப்படவில்லை. மேலே வந்து உண்மையைச் சொன்னேன்: "பத்திரமாக இருக்கிறதும்மா. ஆனால் நாங்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை." திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "தூக்கிப் போட்டுவிட்டீர்களோ என்று பயந்துகொண்டே வந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு விதி: கையெழுத்தான பத்திரம் இல்லாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. பல கொடைகளை வேண்டாம் என்றும் சொன்னோம். நூலகர் சம்பாதிக்கும் கெட்ட பெயரில் பாதி இந்த "வேண்டாம்" கொண்டுவருவதுதான். மேலிடத்துக்கு வேண்டியவர் ஒருவர், தன் ஐயாயிரம் புத்தகங்களையும் தன் பெயரில் தனி அறையில் வைத்தால்தான் தருவேன் என்றார். முக்கால்வாசி எங்களிடம் ஏற்கெனவே இருந்தவை. பரிந்துரைக் கடிதம் வந்தது, போன் வந்தது. எங்கள் கொள்கை ஆவணத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பதிலோடு அனுப்பினேன். இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கடனாகக் கேட்டார். வெளியே எதுவும் போகக்கூடாது என்பது அங்கே விதி. நூலகர் ஜான் ரவுஸ் வாதாடவில்லை. விதிப் புத்தகத்தைக் காட்டினார், மன்னரும் கேட்பதை விட்டுவிட்டார். எழுதி வைத்த விதி எதற்குப் பயன்படும் என்றால் இதற்குத்தான். அது இல்லாவிட்டால் நீங்கள் மறுப்பதாக ஆகும். இருந்தால் தாள் மறுக்கும்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை என்ன செய்வது? எண்ணிப் பார்த்தோம். திறக்காத பெட்டிகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கிளிப் எடுத்து, பட்டியலிட்டுக்கொண்டு போனால் எனக்கு அடுத்த நூலகரும் ஓய்வு பெற்றுவிடுவார். 2005இல் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் துறையையே இரண்டாகப் பிரித்தது. அழகாகச் செய்யக் காத்திருக்காதே, வாசகர் கண்டுபிடிக்கும் அளவுக்கு விவரம் எழுதித் திறந்துவிடு என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். ஒரு தொகுப்புக்கு ஒரு பக்கம்: யாருடையது, எந்த வருடங்கள், எத்தனை பெட்டி, உள்ளே தோராயமாக என்ன, எதை இப்போது காட்டக்கூடாது.

எங்கள் மூத்த காப்பாளருக்கு மனசே ஆறவில்லை. "இது பட்டியலா மேடம், விலாசச் சீட்டா?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நான்கு பக்கக் கடிதம் மாதிரி எத்தனை கடிதங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும்? அதனால் சொந்தக் கடிதப் பெட்டிகளை மட்டும் தாள் தாளாகப் பார்ப்பது, மற்றவற்றுக்கு ஒரு பக்கம் போதும் என்று சமாதானமானோம். மூன்று வருடம் பிடித்தது. ஏரிக் குறிப்பேடுகளின் விவரம் தளத்தில் ஏறிய ஐந்தாவது வாரம், பருவநிலை ஆய்வு செய்யும் ஒரு மாணவி படிப்பறையில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் தொடக் கையுறை வேண்டுமா என்று கேட்டாள். சினிமாவில் காட்டுகிற வெள்ளைக் கையுறையைக் காகிதத்துக்கு இப்போது பெரும்பாலான இடங்களில் தருவதில்லை. துணி உறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழியும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் போதும். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும்தான் கையுறை.

தட்பவெப்பம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 16 முதல் 20 டிகிரிக்குள் வெப்பம், ஐம்பது சதவீதத்துக்கு மேல் போகாத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைவிட அது ஆடாமல் நிற்பது முக்கியம். பகலில் ஏ.சி. போட்டு ராத்திரி அணைத்துச் சிக்கனம் பிடிப்பது, போடாமலே இருப்பதைவிடச் சில சமயம் மோசம். தண்ணீர் புகுந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாததை உறைய வைத்துவிட வேண்டும். எந்த உறைகிடங்கு ராத்திரியில் கதவைத் திறக்கும் என்பதை முன்னாடியே பேசி வைத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாக்கர் நூலகத்தை எரித்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல்களில் பெரும்பகுதி சாம்பலானது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அடித்தளத்தில் இருந்தவை நெருப்பிலிருந்து தப்பின. தீயணைத்த தண்ணீரிலிருந்து அவற்றை மீட்பதற்குத் தன்னார்வலர்கள் கூடை கூடையாகச் சுமந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் காலை, எங்கள் தீக்கதவின் முன்னால் நிரந்தரமாக நின்றிருந்த மேசையை நானே பிடித்து நகர்த்தினேன்.

இனி, இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே எதற்கோ அதற்கு வருகிறேன்.

பெட்டிகள் முடிந்த கையோடு பெட்டக அறை முழுவதும் சரிபார்த்தோம். நூலகத்துக்குள் வந்த ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அலமாரியில் பொருளைத் தொட்டுக் காட்ட வேண்டும். முடிவில் பதினேழு இல்லை. சிலவற்றுக்கு முன்பே பென்சிலால் "பின்னர் தேடுக" என்று எழுதியிருந்தது. ஒன்றின் பக்கத்தில் இருந்த கையெழுத்து, எனக்கு மூன்று நூலகருக்கு முன்னால் இருந்தவருடையது. கேட்டலாகில் பதினேழுக்கும் நேரே "காணவில்லை" என்று வெளிப்படையாகப் போடலாம், காவல்துறையிலும் சொல்லலாம் என்றேன். நிர்வாகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நாமே போய் எதற்கு மேடம் சொல்லிக்கொள்ள வேண்டும்? எங்கேயாவது மாறி வைத்திருப்பார்கள்" என்றார்.

அந்த இழுபறி நடந்துகொண்டிருந்த 2020 நவம்பரில்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் அறிவிப்பு வந்தது. டார்வினின் இரண்டு குறிப்பேடுகள், உயிரினங்கள் கிளை கிளையாகப் பிரிந்து வந்ததைக் காட்டும் உயிர்மரத்தை அவர் 1837இல் முதன்முதலாகக் கிறுக்கிய நோட்டு உட்பட, காணவில்லை என்று. 2000இல் படம் எடுக்க வெளியே வந்தவை. 2001 ஜனவரியில் இடத்தில் இல்லை என்று தெரிந்தது. மாறி வைத்திருப்பார்கள் என்று இருபது வருடம் நம்பினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பொருட்கள் உள்ள இடத்தில் அப்படி நம்புவது சுலபமும்கூட. பின்னால் நூலகராக வந்த ஜெசிகா கார்ட்னர் புதிதாகத் தேட வைத்தார். கிடைக்கவில்லை என்றதும், திருடு போயிருக்கலாம் என்று உலகத்துக்கே சொன்னார். அவர் காலத்தில் தொலைந்ததல்ல அது. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2022 மார்ச் 9 அன்று அவர் அலுவலகத்துக்கு வெளியே தரையில் ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப் பை கிடந்தது. உள்ளே இரண்டு நோட்டும் பத்திரமாக. உறையில் நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து.

பை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அறிவிப்பு வந்த அன்றே அச்செடுத்து அந்த நிர்வாகியின் மேசையில் வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது. பதினேழும் "காணவில்லை" என்று தளத்தில் ஏறின. வசவு வரும் என்று காத்திருந்தேன். மூன்று மின்னஞ்சல்தான் வந்தன. ஒன்றில் ஒரு பழைய ஆய்வாளர், அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சுவடியைத் தான் கடைசியாகப் பார்த்த வருடத்தையும் அப்போது அது இருந்த அலமாரியையும் எழுதியிருந்தார். எங்கள் பதிவேட்டில் இல்லாத தகவல் அது.

ஓய்வு பெற்ற அன்று அடுத்தவரிடம் சாவிப் பட்டியலோடு அந்தப் பதினேழின் பட்டியலையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். போன வருடம் ஒரு நாள் அவர் போன் செய்தார். "மேடம், பதினாறு" என்றார். கைவரைபடம் ஒன்று, ஒரு பெரிய நிலப்படத் தொகுதியின் பின்னட்டைக்குள் நான்காக மடித்துச் சொருகியிருந்ததாம். மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறதாம். ஒட்டுவதற்கு எந்தத் தாள் போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்.