மருத்துவர் பதில்: முடக்குவாதம் முத்துனா பக்கவாதம் ஆயிடுமா?

அம்மா, உங்க லெட்டர் நாலு பக்கம். மூணாவது பக்கத்துக் கடைசியில, முடி கொட்டுறதுக்கும் குதிகால் வெடிப்புக்கும் நடுவுல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க. "ரெண்டு வாரம் முன்னாடி பூ கட்டிட்டு இருக்கப்ப வலது கை திடீர்னு தொய்ஞ்சு போய் நார் நழுவிடுச்சு, மருமகளைக் கூப்பிட்டா வாய் குழறுச்சு, பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு, பசி மயக்கம்னு சர்க்கரைத் தண்ணி குடிச்சேன்." லெட்டர் படிச்ச அன்னிக்கே உங்க மகனுக்கு நான் போன் போட்டது இதுக்காகத்தான், மத்த மூணே முக்கால் பக்கத்துக்காக இல்ல.

மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால சுருக்கமா சொல்லிடறேன். சங்கரன்கோவில் பக்கம், 54 வயசு, பூ கட்டுறது தொழில், ஒம்பது வருஷமா முடக்குவாதம். இவங்க அக்காவுக்கும் அதே முடக்குவாதம், சித்திரையில அக்காவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. அதுலேர்ந்து இவங்களுக்கு தூக்கம் இல்ல. "இந்த வாதம் முத்திப்போய்த்தானே அந்த வாதம் ஆகுது, அடுத்து நான்தானே"ன்னு கேக்குறாங்க.

மாறாதும்மா. நம்ம ஊர்ல ரெண்டுக்கும் வாதம்னு பேரு வச்சுட்டதால வர்ற குழப்பம் இது. முடக்குவாதம்ங்கிறது மூட்டோட உள் சவ்வை நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தாக்குறது. பக்கவாதம் மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சோ வெடிச்சோ வர்றது. ஒண்ணு பழுத்து இன்னொண்ணு ஆகாது. ஆனா சம்பந்தமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். மூட்டுல எரியுற நெருப்பு மூட்டோட நிக்காது, அந்த அழற்சி ரத்தத்துல ஓடி எல்லா ரத்தக்குழாய்க்கும் போகுது, குழாய் உள்சுவர்ல கொழுப்பு சீக்கிரம் படியும், படிஞ்சதும் லேசுல வெடிச்சு அங்க ரத்தம் கட்டும். அதனாலதான் ஐரோப்பிய மூட்டுநோய் சங்கமான யூலார் டாக்டர்களுக்கு ஒரு கணக்கு குடுத்திருக்கு, முடக்குவாதம் இருந்தா மாரடைப்பு பக்கவாத அபாயத்தை வழக்கமா போடுற மாதிரி போட்டுட்டு 1.5 ஆல பெருக்குங்கன்னு. அதாவது உங்க வயசு, பிபி, கொழுப்பு எல்லாம் வச்சு பத்து வருஷத்துல 100க்கு 6னு வந்தா அதை 9னு எடுத்துக்கணும். மிச்சம் 91 பேருக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. அக்காவுக்கு வந்ததால உங்களுக்கு வந்தே தீரும்ங்கிறதெல்லாம் இல்ல. ஆனா உங்க விஷயத்துல அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, அது கணக்கையே மாத்திடுச்சு.

போன்ல உங்ககிட்ட முதல்ல கேட்டது ஞாபகம் இருக்கா, "கை விழுந்தப்ப வலிச்சுதா?" நீங்க கொஞ்சம் யோசிச்சுட்டு "இல்ல டாக்டர், வலியே இல்ல, கை என்னோடது இல்லாத மாதிரி இருந்துச்சு"ன்னீங்க. எனக்கு அதுவே போதும். முடக்குவாதக் கை தூக்க முடியாம போறது வலியால, வீக்கத்தால, இறுக்கத்தால. வலியைப் பொறுத்துக்கிட்டு தூக்குனா கொஞ்சமாவது எழும்பும். பக்கவாதக் கை வலிக்காது, சும்மா எழும்பாது. அதுவும் ராத்திரி முழுக்க கொஞ்சம் கொஞ்சமா இறுகி வர்றது இல்ல, ஃபேன் சுவிட்ச அணைச்ச மாதிரி ஒரு நொடியில வர்றது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு பாட்டி, இருபது வருஷ முடக்குவாதம், விரலெல்லாம் கோணிப்போயிருக்கும். காலையில காபி டம்ளரைப் பிடிக்க முடியல. வீட்ல யாருக்கும் அது புதுசா தெரியல, என்னிக்கு அவங்க ஒழுங்கா பிடிச்சாங்க. மருமக தைலம் தேச்சு விட்டு, துணி சுத்தி, வலி மாத்திரை ஒண்ணு குடுத்து படுக்க வச்சிருக்காங்க. சாயங்காலம் எங்கிட்ட கூட்டிட்டு வந்தப்ப வாய் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு. வலிக்குதா பாட்டின்னேன், இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுனாங்க. காலையிலேயே வந்திருந்தா மூளைக் குழாய்ல அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்குற ஊசி போட முடியுமான்னாவது பாத்திருக்கலாம், அதுக்கு ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஒவ்வொரு நிமிஷமும் கிட்டத்தட்ட 19 லட்சம் நரம்பு செல் சாகும்னு ஒரு கணக்கு உண்டு, அந்த வீட்ல தைலம் தேச்சிட்டு இருந்திருக்காங்க. அவங்க மேல தப்பு இல்ல, அப்படித்தான் தோணும்.

அதனால மூட்டுநோய் இருக்குற வீட்ல இருக்கவங்க ரெண்டு கையையும் தூக்கச் சொல்லி பாக்குற சோதனைய மட்டும் நம்பாதீங்க, தோள்பட்டை பிடிச்சிருக்கவங்களுக்கு எப்பவுமே எழும்பாது. நேத்து எவ்வளவு எழும்புச்சோ அதோட ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் முகத்தையும் பேச்சையும் பாருங்க. மூட்டுநோய் தாடையில வலிய குடுக்கும், வாயக் கோணலாக்காது, நாக்கக் குழற வைக்காது. திடீர்னு முகம் கோணுனாலோ பேச்சு குழறுனாலோ ஒரு பக்கம் வலியில்லாம தொய்ஞ்சாலோ ஒரு கண்ணு பார்வை மறைஞ்சாலோ நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுனாலோ 108க்கு போன் போட்டுட்டு மணி என்னன்னு பாத்து வச்சுக்கோங்க, அங்க முதல் கேள்வியே எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னுதான் இருக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்ல நேரத்த வீணாக்காம சிடி ஸ்கேன் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க.

உங்களுக்கு வந்தது, ரத்தக்கட்டி வந்து அடைச்சு தானா கரைஞ்சுபோன மினி ஸ்ட்ரோக், அதாவது குட்டிப் பக்கவாதம். டிஐஏன்னு சொல்லுவோம். சர்க்கரைத் தண்ணிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நீங்க பச்சத் தண்ணி குடிச்சிருந்தாலும் பத்து நிமிஷத்துல போயிருக்கும். சரியாப்போச்சுன்னு எல்லாரும் விடுறது இதைத்தான், விடவே கூடாததும் இதைத்தான், ஏன்னா பின்னாடி பெரிய ஸ்ட்ரோக் வர்ற அபாயம் முதல் ரெண்டு நாள்லயும் முதல் வாரத்துலயும்தான் ரொம்ப அதிகம். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2007ல வந்துச்சு, இப்படி வந்தவங்களை உடனுக்குடன் பாத்து மருந்து ஆரம்பிச்சதுல அடுத்த 90 நாள்ல ஸ்ட்ரோக் வர்றது 80 சதவீதம் குறைஞ்சுது. புது மருந்து எதுவும் இல்ல, இருக்குற மருந்தை சீக்கிரம் குடுத்தாங்க, அவ்வளவுதான். நீங்க ரெண்டு வாரம் தப்பிச்சது அதிர்ஷ்டம்.

சரி, ஏன் வந்துச்சு? லெட்டர்ல "பிபி சுகர் எதுவும் எனக்கு கிடையாது"ன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீங்க. கடைசியா எப்ப பாத்தீங்கன்னு கேட்டதுக்கு சின்னவன் பிரசவத்தப்பன்னு சொன்னீங்க. சின்னவருக்கு இப்ப 27 வயசு! மறுநாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க மகன் மெசேஜ் அனுப்புனாரு, பிபி 176/104. மத்த எல்லா காரணத்தையும் தூக்கிச் சாப்பிடுற காரணம் இதுதான்.

அந்த பிபிக்கு தீனி போட்டது யாருன்னா, மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்குன எடோரிகாக்ஸிப் 90ங்கிற வலி மாத்திரை, தினம் ஒண்ணு, ஏழு மாசமா. "வயிறு எரியல, அதனால நல்ல மாத்திரை"ன்னு சர்டிபிகேட் வேற குடுத்திருக்கீங்க. வயித்தை விட்டுடும்தான், அதுக்குன்னே பண்ண மாத்திரை. ஆனா உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிபியை ஏத்தும், ரத்தம் கட்டுறதுக்கு தோதா பண்ணும். பிபி 140/90க்கு மேல கட்டுப்படாம இருக்கவங்களுக்கு, மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ வந்தவங்களுக்கு குடுக்கவே கூடாதுன்னு விதியே இருக்கு. இதே குடும்பத்துல ரோஃபிகாக்ஸிப்னு ஒண்ணு இருந்துச்சு, மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடுதுன்னு 2004 செப்டம்பர்ல தயாரிச்ச கம்பெனியே உலகம் பூரா வாபஸ் வாங்குச்சு. எடோரிகாக்ஸிபுக்கு அமெரிக்காவுல அனுமதியே குடுக்கல. இங்க சீட்டு இல்லாம முறுக்கு பாக்கெட் மாதிரி கிடைக்குது. டைக்ளோஃபினாக்ங்கிற இன்னொரு வலி மாத்திரைக்கு மாறிக்கலாமான்னு கேட்டுடாதீங்க, அதுவும் இந்த விஷயத்துல அதே சாதிதான். மூட்டு டாக்டரைப் பாக்குற வரைக்கும் பாராசிட்டமால் போட்டு ஓட்டுங்க.

ஏன் வலி மாத்திரைக்கு வந்தீங்கன்னா முடக்குவாதத்துக்குப் போட்டுட்டு இருந்த மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துனதால. ஏன் நிறுத்துனீங்கன்னா யூடியூப்ல ஒருத்தரு "இது கேன்சர் மாத்திரை"ன்னு சொன்னாராம். ஆமா, கேன்சருக்கும் குடுப்போம், அங்க டோஸ் எங்கயோ இருக்கும். மூட்டுக்கு வாரத்துல ஒரே ஒரு நாள் 7.5லேர்ந்து 25 மில்லிகிராம் வரைக்கும்தான். மூட்டுல எரியுற நெருப்பை அணைச்சா ரத்தக்குழாய்க்குப் போற சூடும் குறையும், முடக்குவாதக்காரங்கள்ல இந்த மாத்திரை ஒழுங்கா போடுறவங்களுக்கு மாரடைப்பு ஸ்ட்ரோக் எல்லாம் கம்மியாதான் வருது. நீங்க பண்ணது என்னன்னா குழாயக் காப்பாத்துற மாத்திரைய பயந்து தூக்கிப் போட்டுட்டு குழாயக் கெடுக்குற மாத்திரைய தைரியமா தினமும் போட்டிருக்கீங்க. இப்ப வீட்ல மிச்சம் இருக்குற மெத்தோட்ரெக்சேட்டை நீங்களா எடுத்துப் போட ஆரம்பிச்சுடாதீங்க, ரத்த அணுக்கள், லிவர், கிட்னி டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் சொல்லி ஆரம்பிக்கணும். வாரம் ஒரு நாள்ங்கிறதை மறந்து தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தாகி வந்தவங்களும் உண்டு, அதனால ஒரு கிழமைய முடிவு பண்ணி காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. அந்த டாக்டர்கிட்ட மினி ஸ்ட்ரோக் வந்ததை முதல் வார்த்தையா சொல்லுங்க, ஏன்னா முடக்குவாதத்துக்கு டோஃபாசிடினிப்னு புது மாத்திரை ஒண்ணு இருக்கு, பக்கத்து வீட்டுக்காரம்மா போடுறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுக்கு 2021ல அமெரிக்க மருந்துத் துறை ஸ்ட்ரோக், மாரடைப்பு எச்சரிக்கை போட்டுடுச்சு. அவங்களுக்கு ஒத்துக்குதுன்னா சந்தோஷம், உங்களுக்கு இப்ப அது வேண்டாம்.

கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் இணைச்சிருக்கீங்க. அதே தாள்ல, உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற இஎஸ்ஆர் 62, ரொம்ப அதிகம். உடம்புல அழற்சி கொதிக்கும்போது கொலஸ்ட்ரால் தானா இறங்கிக் காட்டும், அதை நம்ப முடியாது. மூட்டு அடங்குன பிறகு திரும்பப் பாருங்க, கொஞ்சம் ஏறியிருந்தா மருந்துதான் ஏத்திடுச்சுன்னு பதறி மறுபடி நிறுத்திடாதீங்க. எப்படியும் மினி ஸ்ட்ரோக் வந்ததால ஆஸ்பத்திரியில கொலஸ்ட்ராலைக் குறைக்குற ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பிச்சிருப்பாங்க, அதையும் ரத்தம் கட்டாம இருக்க குடுத்த மாத்திரையையும் பிபி மாத்திரையையும் நல்லாயிருக்குன்னு தோணுற அன்னிக்கும் போடணும். பிபி மாத்திரைய வாங்க அலைய வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே கொண்டுவந்து குடுப்பாங்க, உங்க ஊர் நர்ஸ்கிட்ட பேர் குடுங்க.

நீங்க ஸ்ட்ரோக்னு நினைச்சு பயந்து நடுங்குனது, ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்துப்போய் முழிப்பு வர்றதை. அது ஸ்ட்ரோக் இல்ல. கையை உதறுனா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க, போன்ல கேட்டப்ப சுண்டு விரல் மட்டும் மரக்கிறதில்லன்னும் சொன்னீங்க. மணிக்கட்டுல வீக்கம் நரம்பை நசுக்குது, கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரலுக்குப் போற நரம்பு அது, முடக்குவாதத்துல சர்வசாதாரணம், அதுவும் நாள் பூரா நார் முறுக்குற கை வேற. ராத்திரி மணிக்கட்டுக்கு ஸ்பிளின்ட் கட்டிட்டுப் படுங்க. கழுத்தை குனியும்போது கரண்ட் அடிச்ச மாதிரி முதுகுல இறங்குனா மட்டும் சொல்லுங்க, அது வேற கதை, கழுத்து எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கணும். முடி கொட்டுறதையும் குதிகால் வெடிப்பையும் அடுத்த வருஷம் பேசிக்கலாம்.

குளிக்கும்போது முதல்ல தலையில தண்ணி ஊத்துனா ஸ்ட்ரோக் வருமான்னா, வராது, நிம்மதியா ஊத்துங்க. பத்து விரல் நுனியிலயும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வந்ததை அனுப்பியிருக்கீங்க, அதை டிலீட் பண்ணுங்க, அதை நம்பி ஊசி தேடிட்டு இருக்குற நேரத்துல 108 வாசலுக்கே வந்துடும். அக்காவுக்கு புறா ரத்தம் தடவுறதையும் நிறுத்தச் சொல்லுங்க, பாவம் புறா. அவங்களுக்கு இப்ப வேணும்கிறது தினமும் பிசியோதெரபி.

கடைசியா அந்த எடோரிகாக்ஸிப் அட்டை நாலு மிச்சம் இருக்கு, வீணாப் போகாம அக்காவுக்கு குடுத்துடவான்னு கேட்டிருக்கீங்க. அம்மா! அவங்களுக்கு ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்தாச்சு, அவங்களுக்கு அது உங்களைவிட இன்னும் ஆகாது. குப்பையில போடுங்க, போட்டுட்டு மகனை எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க.