விபத்து வழக்கு: எந்த நாளிலிருந்து கெடு ஓடுகிறது?

கேள்வி: நியூயார்க்கில் வேலை பார்த்த என் அத்தான், சாலையைக் கடக்கும்போது கார் மோதி ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். விபத்து நடந்து 25 மாதம் ஆகிறது. காரோட்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி இன்னும் தொகை பேசிக்கொண்டிருக்கிறது. வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்கிறார்கள். அக்கா பிள்ளைகளோடு இந்தியா திரும்பிவிட்டார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். மூன்று வருடம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்.

நியூயார்க் சட்டப்படி இதில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. அத்தான் அந்த ஐந்து மாதம் பட்ட வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு ஒன்று. இதற்குத்தான் விபத்து நாளிலிருந்து 3 ஆண்டு. அவர் இறந்ததால் குடும்பம் இழந்த வருமானத்துக்கும் ஆதரவுக்குமான இழப்பீடு இன்னொன்று. இதற்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். உங்கள் கணக்கில் 20 மாதம் போய்விட்டது, மிச்சம் நான்கே மாதம். பெரும்பாலும் பெரிய தொகை இந்த இரண்டாவதில்தான் இருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனி பேசிக்கொண்டிருப்பதால் கெடு நிற்காது. கம்பெனி சார்பில் தொகை பேசும் அட்ஜஸ்டர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் சரி, கெடு தாண்டிய மறுநாள் அவருக்கு உங்களிடம் பேச எந்தக் கட்டாயமும் இல்லை. வழக்கைத் தாக்கல் செய்துவிட்டும் செட்டில்மெண்ட் பேசலாம், அதில் தவறில்லை. பிள்ளைகள் மைனர் என்பதால் கெடு தானாக நீளும் என்றும் நம்பியிருக்காதீர்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் வேறு. இறப்புக்கான வழக்கை மனைவி என்ற முறையில் அக்கா நேரடியாகப் போட முடியாது. இறந்தவரின் சொத்துக்கு நிர்வாகியாக சரோகேட் நீதிமன்றம் (இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் நியூயார்க் நீதிமன்றம்) நியமிக்கும் நபர்தான் போட வேண்டும். அந்தப் பொறுப்பில் மனைவிக்குத்தான் முன்னுரிமை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் குடியிருப்பவர் தனியாக நிர்வாகி ஆக முடியாது. நியூயார்க்கில் வசிக்கும் ஒருவர் கூட்டு நிர்வாகியாகச் சேர வேண்டும். அத்தானின் நண்பர், உறவினர் யாராவது அங்கே இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். இந்த நியமனத்துக்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நான்கு மாதம் போதுமா என்று கேட்டால், உடனே ஆரம்பித்தால் போதும் என்பேன்.

மோதியது தனியார் கார் என்று எடுத்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன். நகராட்சி வண்டி என்றால் வழக்குக்கு முன்பே, காயத்துக்கு 90 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தந்திருக்க வேண்டும். தபால் துறை வண்டி என்றால் அது மத்திய அரசு. 2 ஆண்டுக்குள் முதலில் அந்தத் துறையிடமே மனு கொடுக்க வேண்டும். மாநிலம் மாறினாலும் கணக்கு மாறும்: டென்னசியில் 1 ஆண்டுதான், புளோரிடாவில் கவனக்குறைவு வழக்குகளுக்கு 4 ஆண்டாக இருந்ததை 2023-இல் 2 ஆக்கிவிட்டார்கள். வேறு மாநிலத்து நண்பர் சொல்லும் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். இவ்வகை வழக்குகளில் பொதுவாகப் பணம் வந்தால்தான் கட்டணம், அதுவும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. முதல் பேச்சின்போதே போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரி ஆவணங்கள், இன்சூரன்ஸ் கடிதங்கள், மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். சான்றிதழில் இறப்புக்குக் காரணம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நிமோனியா என்று மட்டும் இருந்தால், விபத்தால் சாகவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். படுக்கையில் கிடந்ததால்தான் அது வந்தது என்று மருத்துவரின் கருத்தை வாங்குவதற்கும் நாள் பிடிக்கும்.