புட்டு அவியும் நேரம்

வணக்கம் ஐயா,

நான் பண்டத்தரிப்பில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் டவுனில் வேலை. கணவர் வவுனியாவில், சனிக்கிழமைதான் வருவார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஆறரை ஆகும், பிள்ளைகள் ரியூசன் முடித்து வர ஏழரை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவோம். இப்போது ஞாயிறு பூசையோடு சரி. ‘நேர்மையாக வேலை செய், அதுவே செபம்’ என்கிறாள் தோழி ஒருத்தி. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தும்போது ஒரு கூச்சம். இப்படியே விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. ஆனால் ‘வேலையே செபம்’ என்று சொல்லிச் செபத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். கொஞ்ச நாளில் வேலை வெறும் வேலையாகிவிடும். 1928இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவற சபையை உங்களுக்குத் தெரியும். அவர்களின் நெல்லிரசத்தை ஒருமுறையாவது குடித்திருப்பீர்கள். தோட்டமும் நெல்லியும் அவர்கள் வேலைதான். அதற்காக நெல்லி பிழிகிறோம், இதுவே போதும் என்று அவர்கள் செபத்தை விட்டுவிடவில்லை.

ஞாயிறு பூசையோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துச் சில்லாலையை நினைத்துப் பாருங்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. குருமார் விரட்டப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின, கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 வருடம். பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் கட்டி, தானும் பிள்ளை பெற்றுவிடும் காலம். அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித்தான் நம் ஆட்களைக் கண்டுபிடித்தார், பிறகு சில்லாலையில் தங்கினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ அந்த முகம் மாறிய வீடுகளைப் பற்றித்தான் யோசனை. பூசையையே காணாமல் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த மணிக்கோவை என்னவென்று யார் சொல்லியிருப்பார்கள்? இரவில் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாயோ பாட்டியோதான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் அம்மம்மாவுக்குக் குசினியில் மணிக்கூடு இல்லை. புட்டுப் பானையில் ஆவி வந்ததும் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க’ என்று தொடங்குவா. ஒரு தேவரகசியம், அதாவது செபமாலையில் பத்து மணி, சொல்லி முடிய நீத்துப்பெட்டியை இறக்குவா. ஆவி குறைவாக இருந்தால் இரண்டு. இடையில் ‘டேய், கோழி திண்ணைக்கு ஏறுது, கலை’ என்று எங்களுக்கு ஒரு சத்தம், பிறகு விட்ட மணியிலிருந்து தொடர்ச்சி. இதைப் பக்தி என்பதா பழக்கம் என்பதா என்று அப்போது எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. புட்டு மட்டும் ஒருநாளும் வேகாமல் வந்ததில்லை.

ஆனால் செபம் தவறாமல் சொல்லுகிறவன் ஒழுங்கானவன் என்றும் நினைத்துவிடாதீர்கள். என் கதையையே சொல்கிறேன். போன தவக்காலத்தில் வேலி அடைக்க ஒருவர் வந்தார். பொழுதுபடக் கடைசிக் கிடுகையும் கட்டிவிட்டுக் கைகால் கழுவிப் படலையடியில் நின்றார். கோயில் மணி ஆறு அடித்தது. நான் மூவேளைச் செபத்துக்கு எழும்பி நின்றபடி, பொறுங்கோ என்று கையைக் காட்டினேன். முடித்துப் பார்த்தால் மாற்றிய காசு இல்லை. ‘நாளைக்கு வாங்கோவன்’ என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கத்தியைச் சைக்கிள் காரியரில் செருகிக்கொண்டு போனார். குசினிக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்: ‘இண்டைக்கு அந்தாள் வீட்டில என்னத்தைக் கொண்டு உலை வைக்கிறது?’

கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தவக்காலம் முதல் வாரம் திங்கட்கிழமைப் பூசையின் வாசகம் அது. நானே வாங்கிலிருந்து எழும்பிப்போய் வாசித்திருக்கிறேன், அதுவும் நல்ல உச்சரிப்போடு! காசை மாற்றிக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் பிடிக்க எட்டு மணியானது. ‘இதுக்கு ஏன் இருட்டுக்குள்ள வந்தனீங்கள்’ என்றார். நல்ல மனிதர். வரும் வழியில் எனக்கு இன்னொன்றும் பட்டது: அந்த வாசகத்தை ஒருநாளும் வாசிக்காதவனாக இருந்திருந்தால், மனைவி கேட்டது என் காதிலேயே விழுந்திராது.

அதனால் உங்கள் தோழி சொன்னபடி நேர்மையாக வேலை செய்யுங்கள், செபத்தையும் விடாதீர்கள். செபமாலையின் 53 மணியும் வேண்டாம். பிள்ளைகள் வந்து முகம் கழுவியதும், இரவுச் சாப்பாடு அடுப்பில் இருக்கும்போதே ஒரு தேவரகசியம் சொன்னால் போதும். முழங்காலில் நிற்க முடியாவிட்டால் கதிரையில் இருங்கள். சனிக்கிழமை கணவர் வந்த பிறகு முழுச் செபமாலையும் சொல்லலாம். இடையில் பிள்ளைகளில் ஒன்று தூங்கி விழுந்தால் எழுப்ப வேண்டாம், நாங்களும் அம்மம்மாவின் மடியில் அப்படித்தான் விழுந்தோம்.