ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு
சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூரில் சைக்கிள் என்றாலே எல்லோரும் நந்தி மலைக்குப் போகச் சொல்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். விடியற்காலையிலேயே காரும் பைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன. ஹார்ன் சத்தம் இல்லாத சாலை இந்த ஊரைச் சுற்றி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகி, ஜாலஹள்ளி

பதில்: நிறையவே இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் இடத்தைத் தேடினால் கிடைக்காது, சாலையைத் தேட வேண்டும். பேர்போன மலையிலோ அணையிலோ போய் முடிகிற எந்தச் சாலையானாலும் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்துவிடும். நந்தி, சாவனதுர்கா, மஞ்சனபெலே, தொட்ட ஆலமரம், எல்லாம் அப்படித்தான். ஒரு சின்ன ஊரிலிருந்து அடுத்த சின்ன ஊருக்கு மட்டும் போகும் சாலையில் அந்த ரெண்டு ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லை. காலையில் ஒரு பால் வண்டி, ஒரு டிராக்டர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், அவ்வளவுதான்.

அந்தச் சாலைகளைக் கண்டுபிடிக்க நான் ஏரியை வைத்துத்தான் வழி பார்ப்பேன். இந்தப் பக்கத்துப் பழைய ஊர்கள் ஏரியை நம்பி உட்கார்ந்தவை. பல இடங்களில் ஏரிக்கரைதான் சாலை. போனில் வரைபடத்தைத் திறந்து, நெடுஞ்சாலையை மறந்துவிட்டு, நீலத் திட்டு ஒன்றிலிருந்து அடுத்த நீலத் திட்டுக்கு மெல்லிய கோடு போகிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஹெசரகட்டா ஏரி இருக்கிறது. அர்க்காவதி ஆற்றுத் தண்ணீரை அங்கே தேக்கி 1890களில் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்த செங்கல் கால்வாயின் மிச்சம் இன்னும் அங்கங்கே நிற்கிறது. ஏரியைத் தாண்டி, தொட்டபள்ளாபூர் திசையில் உள்ளடங்கிய ஊர்ச்சாலைகளைப் பிடித்தால் ராகி, அவரை, பூந்தோட்டம், திராட்சைப் பந்தல் என்று மாறி மாறி வரும். நடுவில் நெருக்கமான தைலமரத் தோப்புகளைப் பார்த்துக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். நிழல் உண்டு, பறவைச் சத்தம் ரொம்பக் குறைவு. பறவை வேண்டுமென்றால் ஏரிக்கரையில் நில்லுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அறுத்த ராகித் தாளையும் கொள்ளுக் கொடியையும் சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிச் சக்கரம் மிதித்துத் தானியம் உதிரட்டும் என்று. முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. ஜோராக அதன்மேல் ஏற்றிவிட்டேன். முப்பது அடி போவதற்குள் கொள்ளுக் கொடி பின்சக்கரப் பல்லில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, பெடல் அசையவில்லை. கையால் இழுத்தால் இன்னும் இறுகியது. களத்திலிருந்து ஒரு பாட்டி கருக்கரிவாளோடு வந்து, சைக்கிளைக் கவிழ்க்கச் சொல்லி, பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் அரிவாள் நுனியை விட்டு ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தார். விழுந்த கொடியில் ஒட்டியிருந்த கொள்ளையும் விடாமல் உதறி முறத்தில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது என் பையில் ரெண்டு கை அவரைக்காய். அவரைக்காய்த் தோலின் எண்ணெய் வாசனைக்கு இங்கே 'சொகடு' என்று பெயர். வீட்டுக்கு வந்து சோப்பு போட்ட பிறகும் என் விரலில் இருந்தது. அதனால் தாள் பரப்பியிருந்தால் இறங்கி, ஓரமாகத் தூக்கிக்கொண்டு நடங்கள். அது அவர்களுடைய ஒரு வருஷச் சாப்பாடு.

கேள்வி: ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகக் காட்டுக்குள் சைக்கிளில் போக நானும் நண்பர்களும் திட்டமிடுகிறோம். யானை பயம் உண்டா? விடியற்காலையில் கிளம்பினால் போக்குவரத்து இருக்காதே?
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: அந்த விடியற்காலைத் திட்டத்தை முதலில் கைவிடுங்கள். பன்னேர்கட்டா காடும், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளும் ஒட்டியே இருக்கின்றன. 2014ல் அறிவித்த காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் மட்டும் சுமார் 504 சதுர கிலோமீட்டர். ராகி விளைகிற குளிர்காலத்தில் கர்நாடகப் பக்கத்து யானைகள் கூட்டம் கூட்டமாக இந்த வழியாகத்தான் இறங்கும். ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு, விடிகிற நேரத்தில் சாலையைக் கடந்து காட்டுக்குத் திரும்பும். நீங்கள் கிளம்ப நினைப்பது சரியாக அந்த நேரம்.

நாம் ஆசைப்பட்டுப் போகிற அமைதியே அங்கே ஆபத்து. பேருந்தையும் பைக்கையும் யானை தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிளை அது கேட்காது. ஒரு நவம்பர் காலை, ஜவளகிரி பக்கம் தனியாக வந்துகொண்டிருந்தேன். மணி ஏழே முக்கால். சாலை நடுவில் யானை லத்தி. சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். ஆவி பறந்தது. செரிக்காத ராகி மணிகள் உள்ளே அப்படியே தெரிந்தன. எதிர்க்காற்று வேறு, என் வாசனையும் முன்னால் போயிருக்காது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, "அக்கா, வளைவுக்கு அந்தப் பக்கம் மூணு நிக்குது, ஒண்ணு குட்டி. திரும்பிடுங்க" என்றார். சைக்கிளையும் என்னையும் பால் கேன்களுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு தளியில் இறக்கிவிட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் நான் அந்த வளைவைச் சத்தமே இல்லாமல் திரும்பியிருப்பேன். குட்டியோடு நிற்கிற தாய்க்கு முன்னால், பத்தடியில்.

காலை எட்டரைக்குப் பிறகு காட்டுச் சாலையில் நுழைந்து, மாலை நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். வளைவு வந்தால் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். ஈரமான லத்தி கண்ணில் பட்டால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக அனுமதி வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இறங்கமாட்டேன், அது யானையின் வீடு. காட்டை ஒட்டின ஊர்களின் சாலைகளே போதும். இடப்பக்கம் காடு, வலப்பக்கம் வயல். இருக்கிறதிலேயே அழகான சவாரி அதுதான் என்பேன். கிளம்பும் முன் டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். முந்தின ராத்திரி யானை எங்கே இருந்தது என்பது டீக்கடைக்குத் தெரியாமல் இருக்காது.

கேள்வி: இதற்கெல்லாம் எத்தனை ஆயிரத்துக்குச் சைக்கிள் வாங்க வேண்டும்?
– வாசகர், சிவாஜி நகர்

பதில்: வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள். பிரேக் பிடிக்கிறதா, டயரில் வெடிப்பு இல்லாமல் இருக்கிறதா, அது போதும். புதிதாக வாங்கினால் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், ஏற்றத்துக்கு லேசான கியர். டியூபில் பைக் டயரில் இருப்பது மாதிரி தடித்த வால்வு இருக்கட்டும். எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துத் தருவார்கள். விலை உயர்ந்த சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அங்கே முனை கிடைக்காது. ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கேள்வி: நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. வேறு வழி?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: மடக்கு சைக்கிள் என்றால் மெட்ரோவில் கொண்டுபோகலாம், 2020லிருந்தே விடுகிறார்கள். உங்கள் ஊதா வழித்தடம் 2023லிருந்து கெங்கேரி தாண்டி சல்லகட்டா வரை போகிறது. இறங்கினால் மைசூரு சாலை, கொஞ்ச தூரத்தில் ராமோஹள்ளி, அப்புறம் ஊர்ச்சாலைகள். மடக்க முடியாத சைக்கிளை மெட்ரோவில் ஏற்றமாட்டார்கள். அப்படியானால் நகரத்தை ஐந்தரை மணிக்கு முன்னால் கடந்துவிடுங்கள், சிவப்பு விளக்கை பின்னால் எரியவிட்டு.

கேள்வி: எனக்கு வயது 46. கன்னடம் அரைகுறை. தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள், உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான்.
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: நான் தொடங்கியபோது எனக்கு 44. அல்சூரைத் தாண்டி சைக்கிளில் போனதே கிடையாது. பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன், பயத்துக்கு ஏற்ற மாதிரி வழியைப் போடுங்கள் என்பேன். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகாத சாலையாகப் பாருங்கள். எந்த ஊரில் இருக்கிறேன் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, பதினொரு மணிக்குள் வீடு.

எல்லாப் பெண்களுக்கும் உள்ள பிரச்சினையையும் பேசிவிடுவோம். பாத்ரூமுக்காகத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள், மயக்கம் வரும். பெட்ரோல் பங்க் வரும் இடத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பேன். இல்லாவிட்டால் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் கேட்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. காப்பி குடிக்காமல் அனுப்பாத வீடுதான் அதிகம்.

கன்னடம் இவ்வளவு போதும்: "ஈ தாரி எல்லிகே ஹோகுத்தே?" என்றால் இந்த வழி எங்கே போகிறது. "ஸ்வல்ப நீரு கொடி" என்றால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். மிச்சத்தை அவர்களே தமிழில் சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவைக்கு 25 கிலோமீட்டர் போதும். போய் வந்து எந்த ஏரிக்கரை வழியாகப் போனீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நான் பார்க்காத ஏரி என்றால் அடுத்த வாரம் நானும் போகவேண்டும்.