ஜன்னலை மறைக்கும் ஜப்பானிய மேப்பிள்: எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். முன்வாசலில் பழைய ஜப்பானிய மேப்பிள் ஒன்று நிற்கிறது. இலை சிவப்பாக, நூல் நூலாகக் கிழிந்தது போல இருக்கும், கிளைகள் கீழே தொங்கும் வகை. பல வருடமாக யாரும் தொட்டதாகத் தெரியவில்லை, ஒரே புதராகக் கிடக்கிறது, ஜன்னலையும் மறைக்கிறது. எப்போது, எவ்வளவு வெட்டலாம்? தெரியாமல் வெட்டி மரம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய சாக்கையோ பாயையோ விரித்து அந்த மரத்துக்கு அடியில் மல்லாந்து படுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வெளியே நின்று பார்த்தால் உங்களுக்குத் தெரிவது சிவப்புப் போர்வை மட்டும்தான், மரம் தெரிவது உள்ளே போனால்தான். தொங்கும் வகையில் இலை இருப்பது வெளிவிளிம்பில் ஒரு முழ அளவுக்கு. அதற்கு உள்ளே வெளிச்சம் படாமல் காய்ந்துபோன சுள்ளிகள், அந்தச் சுள்ளிகளில் சிக்கி நிற்கும் போன வருடத்துச் சருகு, அதன்மேல் பாசி. உங்கள் மரம் புதராகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தக் காய்ந்த குப்பைதான் காரணம், உயிருள்ள கிளை அதிகமாகிவிட்டது என்பதல்ல. இது புரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும், ஏனென்றால் செத்த சுள்ளியை எடுப்பதால் மரத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை, அதை வருடத்தில் எந்த நாளிலும் எடுக்கலாம்.

நான் இருப்பது போர்ட்லேண்டை அடுத்த பீவர்ட்டனில். வீட்டோடு சேர்ந்து வந்தவை இரண்டு மேப்பிள்கள், ஒன்று உங்களுடையது போலத் தொங்கும் கிரிம்சன் குயீன், மற்றொன்று நிமிர்ந்து வளரும் பிளட்குட். அந்த இரண்டாவது மரத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருக்கும் ‘எவ்வளவு’ என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. புல் வெட்ட வந்த ஆட்கள், மரம் கூரையைத் தொடுகிறது, உயரத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டார்கள். நானும் சரி என்றேன். என் மனதில் இருந்தது நம் ஊர்க் கணக்கு. முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் தளதளவென்று கிளம்பும், மல்லிகையைக் கவாத்து பண்ணாவிட்டால் பூவே பிடிக்காது, மரம் என்றால் வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்று பார்த்துப் பழகிய கண். அவர்கள் வேலிச்செடி வெட்டும் மின்கத்தரியால் தலையைச் சுற்றிலும் சீவி உருண்டையாக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் வெட்டுப்பட்ட முனை ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து போத்துகள், விரல் தடிமனில், பக்கவாட்டில் ஒரு கிளைகூட இல்லாமல், நட்ட குச்சி மாதிரி நேர் மேலே. இரண்டே வருடத்தில் மரம் பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது, திரும்பி வராதது அதன் உருவம். ஒவ்வொரு கொத்திலும் ஓரளவு சாய்ந்து போகிற ஒரு போத்தை வைத்துக்கொண்டு மற்றதை வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்து எடுத்து, ஓரளவு மரமாக்க நான்கு வருடம் ஆனது.

அதனால் சொல்கிறேன், ஜப்பானிய மேப்பிளை வெட்டிச் சின்னதாக்க முடியாது. இலையை நிறைய இழந்த மரம் வேரில் இருக்கிற சேமிப்பை எல்லாம் எடுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை எழுப்பிவிடும், அதுதான் அந்தப் போத்து. உங்களால் செய்ய முடிந்தது உள்ளே இருக்கும் கிளைகள் கண்ணுக்குத் தெரியும்படி மரத்தைத் திறந்துவிடுவது. ஒரு வருடத்தில் மொத்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கையும் ஒரே கிளையிலிருந்து எடுக்காமல் மரம் முழுக்கப் பரவலாக எடுங்கள். சியாட்டிலில் காஸ் டர்ன்புல் என்ற தோட்டக்கலைஞர் 1987-இல் பிளான்ட் அம்னெஸ்டி என்று ஓர் அமைப்பையே தொடங்கினார், மரங்களை இப்படி மொட்டையடிப்பதை நிறுத்துவதற்காக. இந்தப் பகுதியில் இது அவ்வளவு சகஜமாக நடக்கிற தவறு.

எப்போது என்று கேட்டீர்கள். நம் பக்கத்து மழைக்கும் வெயிலுக்கும் இரண்டு காலம் சரிப்படும். ஒன்று, இலை முழுதும் உதிர்ந்த பிறகு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும், பெரிய கிளை எதையாவது எடுப்பதானால் அப்போதுதான் முடிவு செய்ய முடியும். இன்னொன்று ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. காற்று உலர்ந்திருக்கும், மரம் வேகமாக வளர்கிற கட்டம் முடிந்திருக்கும், போத்து அவ்வளவாகக் கிளம்பாது. சின்னச் சின்னக் கிளை விலக்கும் வேலைக்கு எனக்குப் பிடித்தது இந்தக் காலம். ஜனவரி பாதிக்கு மேல் ஏப்ரல் வரை கத்தரியை உள்ளேயே வையுங்கள். சாறு ஏறுகிற நேரம் அது, வெட்டிய இடத்திலிருந்து நாள் கணக்கில் சொட்டும். சொட்டுவதால் மரம் செத்துவிடாது. ஆனால் துளிர் விரிகிற சமயத்தில் மரம் தன் சேமிப்பைச் செலவு செய்துகொண்டிருக்கும், பட்டையும் இளகி இருக்கும், லேசாக இழுத்தாலே உரிந்துவிடும். அப்புறம் இங்கே வசந்தம் என்றால் குளிரும் மழையும்தானே, அந்த ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இளந்தளிரைக் கருப்பாக்கிச் சாய்த்துவிடும், புதிய வெட்டுக்காயம் அதற்கு வாசல். செந்நிறப் பட்டை கொண்ட சாங்கோ காக்கு வகை இதற்கு ரொம்பவே இடம் கொடுக்கும்.

கோடையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லேண்டில் 116 டிகிரி பாரன்ஹீட் அடித்தது, நம் கணக்கில் 46 டிகிரி செல்சியஸுக்கும் மேல். மறுநாள் காலையில் என் கிரிம்சன் குயீனின் தென்மேற்குப் பக்கம் முழுக்க அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பக்கக் கிளைகள் எல்லாம் போய்விட்டன என்று நினைத்து வெட்டக் கை துறுதுறுத்தது. வெட்டாமல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை. தண்ணீரை மட்டும் ஆழமாக விட்டுக் காத்திருந்தேன், ஆகஸ்டில் புது இலை வந்துவிட்டது. அந்த வாரம் வெட்டியிருந்தால் உயிரோடிருந்த கிளைகளைத்தான் வெட்டியிருப்பேன். இதிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன், தெற்கும் மேற்கும் பார்த்த பக்கத்தை அளவுக்கு மீறித் திறக்கக் கூடாது. மேப்பிள் பட்டை மெல்லியது, இத்தனை நாள் நிழலில் இருந்த கிளையின் முதுகில் திடீரென்று உச்சி வெயில் விழுந்தால் பட்டை வெந்து வெடித்துவிடும். வெப்ப அலை வரப்போகிறது என்று சொன்னால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் காய்ந்தது மட்டும். அடிமரத்திலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். உயிருள்ள சிறு கிளை வழவழப்பாக, செம்பழுப்பாகவோ பச்சையாகவோ, லேசான மினுமினுப்போடு இருக்கும். செத்தது சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, வளைத்தால் ‘டக்’ என்று ஒடியும். கையுறை போட்டுக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாலே பாதிக்கு மேல் வந்துவிடும், கத்தரி வேண்டியதே இல்லை. சந்தேகம் வந்தால் நகத்தால் சுரண்டுங்கள், பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். கவட்டைகளில் அடைந்து கிடக்கும் சருகை விரலாலேயே நோண்டி எடுங்கள், ஈரம் தங்கி அங்கேதான் அழுகல் தொடங்கும். பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது மரத்தைக் கொல்வதில்லை, போர்ட்லேண்ட் மழையில் அது வரத்தான் செய்யும். முதல் தடவை நான் இப்படிச் செய்தபோது ஒரு முழுப் பகல் ஆனது, ஒரு பச்சை இலையைக்கூட வெட்டவில்லை, இரண்டு பெரிய தொட்டி நிறையச் சுள்ளி. எழுந்து சாலைப் பக்கம் போய்ப் பார்த்தால் வேறு மரம். பாம்பு நெளிவது போல ஒரு அடிமரம் இத்தனை நாளும் அங்கே இருந்திருக்கிறது.

அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த நாள்தான் உயிருள்ள கிளை. மேப்பிளின் ஒரு சின்னக் கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகள் எதிரெதிராக இருக்கும். அதனால் பல கணுக்களில் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று சூலம் போல மூன்றாகப் பிரிந்துகொண்டே போகும். நெரிசல் வருவதே இங்கேதான். மூன்றில் எது வலுவாக, விறைப்பாக, மற்ற கிளைகளின் போக்குக்கு ஒட்டாமல் போகிறதோ அதை அடிக்கவட்டையிலேயே எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் அது நடுவில் இருப்பதாகத்தான் இருக்கும். கிளையின் பாதியில் நறுக்காதீர்கள், பாதியில் நறுக்கினால் அந்த இடத்தில் எதிரெதிர் மொட்டு இரண்டும் கிளம்பி ஒன்று இரண்டாகும். தொங்கும் வகையில் இன்னொரு வேலை, ஒரு அடுக்குக் கிளையின் வயிற்றிலிருந்து நேர் கீழே இறங்கி அடுத்த அடுக்கின் மேல் படுத்திருப்பவற்றை எடுப்பது. அவை போனதும் குடைமேல் குடை வைத்தது போல அடுக்கு அடுக்காகப் பிரியும், இடையில் காற்று போகும். ஒன்றோடொன்று உரசுகிற இரண்டில் ஒன்று, வெளியே போய்விட்டு மறுபடி உள்நோக்கித் திரும்பி வருவது, இவையும் போகலாம். ஆனால் உட்புறத்தில் இருக்கிற நல்ல சின்னக் கிளைகளை எல்லாம் வழித்தெடுத்து முனையில் மட்டும் குஞ்சம் வைக்காதீர்கள், பனியிலும் காற்றிலும் அப்படிப்பட்ட கிளைதான் ஒடியும்.

வெட்டும் இடம் முக்கியம். கிளை மரத்தோடு சேருமிடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டி போல ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதற்கு வெட்டு படாமல் சற்று வெளியே வெட்டுங்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இது. மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதை உள்ளேயே மூடிவிடுகிறது, அந்தச் சுவர் எழும்புவது இந்தப் புடைப்பிலிருந்து. அடியோடு ஒட்ட வெட்டினால் புடைப்பு போய்விடும், குச்சியாக விட்டால் அது காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளை என்றால் முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கம் ஒரு கீறல், பிறகு அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியாகப் புடைப்புக்கு வெளியே சுத்தமாக ஒரு வெட்டு. இல்லாவிட்டால் விழுகிற கிளை அடிமரத்துப் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம்.

கருவி என்று பார்த்தால் இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகிற நல்ல கைக்கத்தரி ஒன்று, சின்ன மடக்கு ரம்பம் ஒன்று, 70 சதவீத ஆல்கஹால் கொஞ்சம். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரியைத் துடையுங்கள். வெட்டிய கட்டையின் உள்ளே ஆலிவ் பச்சையிலோ கருப்பிலோ கோடுகள் தெரிந்தால் அது வெர்டிசிலியம் என்ற மண்பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது, காய்ந்த கிளையை எடுத்துத் தண்ணீரைச் சீராக விட்டு மரம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். படுத்திருக்கும்போதே அடிமரத்தையும் ஒரு முறை பாருங்கள். இந்த வகைகள் எல்லாம் ஒட்டுச்செடிகள். ஒட்டுக்குக் கீழேயிருந்து அகலமான பச்சை இலையோடு ஏதாவது துளிர்த்திருந்தால் அது வேர்ச்செடியின் போத்து, கிளம்பிய இடத்திலேயே எடுத்துவிடுங்கள், விட்டால் சில வருடத்தில் சிவப்பு மரத்தை அமுக்கிவிட்டு அது மேலே வந்துவிடும்.

இனி உங்கள் ஜன்னல். வீட்டுக்குள் ஒருவரை ஜன்னலருகில் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே ஒவ்வொரு கிளையாக அசைத்துக் காட்டுங்கள், எது மறைக்கிறது என்று அவர் சொல்லட்டும். அந்தக் கிளையின் நுனியைக் கத்தரிக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் ஜன்னலை விட்டு விலகிப் போகிற ஒரு பக்கக் கிளை பிரிகிற இடம் வரும். அங்கே வெட்டினால் அந்தப் பக்கக் கிளையே இனி முனையாகிவிடும், வெட்டியதும் தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வெட்டில் வெளிச்சம் வந்துவிடும். ஜன்னல் முழுதும் காலியாக வேண்டும் என்று நினைக்காதீர்கள், கிளைகளுக்கு நடுவே தெருவைப் பார்ப்பது அழகாகத்தான் இருக்கும்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள், வெட்டுவதற்கு முன்னால் போர்ட்லேண்ட் ஜப்பானியத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1967-இல் மக்களுக்குத் திறந்தது. அங்கே குளத்துப் பக்கம் உங்களுடையது போலவே தொங்கும் மேப்பிள் ஒன்று உண்டு, அக்டோபர் கடைசியில் போனால் படம் எடுக்க ஆட்கள் வரிசை கட்டித் தரையோடு தரையாகக் குனிந்திருப்பார்கள். நீங்களும் குனிந்து பாருங்கள், ஆனால் இலையைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள். ஒரு காய்ந்த சுள்ளி கிடையாது, ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும்.

இலை உதிர்ந்ததும் நான்கு பக்கத்திலிருந்தும், அடியில் படுத்துக்கொண்டு ஒன்றுமாக ஐந்து படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்தக் கிளை போகலாம், எது இருக்கட்டும் என்று வட்டம் போட்டுச் சொல்கிறேன்.