முதுகில் எடுத்த நீரில் வெள்ளணு எப்படி வந்தது?

கேள்வி: டாக்டர், என் அக்கா மகனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்து, இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் முதுகில் நீர் எடுத்துப் பார்த்தபோது 140 வெள்ளணு இருந்ததாம். ரத்த அணுக்கள் மூளைக்குள் போகவே முடியாது என்று படித்திருக்கிறேன். இவை எப்படிப் போயின? மூளையைக் கெடுப்பதே இவைதான் என்கிறார்களே, மருந்து கொடுத்துத் தடுத்திருக்கக் கூடாதா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: பையன் தேறியதில் சந்தோஷம். முதுகில் எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர். 140 என்பது அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கான கணக்கு. 5 வரை இருந்தால் சாதாரணம். நீர் எடுத்ததும் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என் பழக்கம். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். வைரஸ் என்றால் தெளிவாகவே இருக்கும். 140 அணுவெல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, லேபில் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

'போகவே முடியாது' என்பது மிகை. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். வைரஸ் புகுந்ததும் நியூரான்களும் (மூளையின் நரம்பு செல்கள்) பக்கத்துச் செல்களும் வெள்ளணுக்களை அழைக்கும் கீமோகைன் என்னும் ரசாயனங்களைச் சுரக்கும். குழாயின் உட்சுவரில் விகாம்-1 என்ற புரதம் கூடும். ரத்தத்தோடு ஓடும் டி செல் என்ற வெள்ளணு அந்தச் சுவரில் உருண்டு, வேகம் குறைந்து, தன் மேலுள்ள ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற புரதத்தால் விகாமைக் கவ்வி நின்றுவிடும். அப்புறம் சற்று ஊர்ந்து, இடம் பார்த்து, உடம்பை ஒடுக்கி நுழைந்துவிடும்.

சரி, தடுத்திருக்கலாமா? தடுத்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. நடாலிசுமாப் என்ற மருந்து அந்த இன்டெக்ரினைத்தான் மறைக்கும். வெள்ளணுக்களே மூளையின் நரம்பு உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோய்க்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நோய் நன்றாகவே அடங்கியது. ஆனால் பலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் ஜேசி வைரஸ், மருந்து எடுத்த சிலருக்கு, காவலுக்கு வரும் டி செல்கள் உள்ளே போக முடியாததால், மூளையில் பெருகி வெள்ளைப் பகுதியை அரித்துவிட்டது. 2005-ல் விற்பனையை நிறுத்தி, 2006-ல் கடும் நிபந்தனைகளோடுதான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அணுக்களால் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீக்கம் வரும், அந்தச் சண்டையில் நியூரான்களும் சாகும். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொல்ல நம் கையில் மருந்து கிடையாது. அதை விரட்ட வேண்டியது இவைதான். வீக்கத்தைக் குறைக்கலாமே என்று தாய்லாந்தில் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1992-ல் வந்த முடிவு: பலனில்லை. அதனால் ஸ்டீராய்டு கொடுக்காத டாக்டர் மேல் கோபம் வேண்டாம்.

பையனுக்கு வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம், முன்பில்லாத முரட்டுத்தனம் ஏதாவது தெரிந்தால் உடனே காட்டுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்த நோய் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று போடுவார்கள். விட்டுப்போயிருந்தால் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.